எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்

அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லென்ஸ் என்றால் போதும், திரும்பிப் பார்ப்பாள். கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று கழுத்தில் எப்போதும் தொங்கும். சாப்பிடும்போது மட்டும் அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வாள்.

அப்பா இறந்துபோன வருஷம் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போனாள். முதலில் மடிப்பு மேசையில் உட்கார வைத்தார்கள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துத் திணிக்கும் துண்டுத் தாள்களைத்தான் அந்த அச்சகம் அதிகம் அடித்தது. யாரும் படிக்காத பொடி எழுத்து. நாலு வருஷம் மடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், "அண்ணே, இந்தத் தாள்ல ஒரு புள்ளியக் காணோம்" என்று மெஷின் அண்ணனிடம் கொண்டு போனாள். குழந்தைகளுக்கான இருமல் மருந்து. அளவில் .5, அதாவது அரை என்று இருக்க வேண்டிய இடத்தில், அச்சுத் தகட்டில் விழுந்த கீறலால் புள்ளி போய் ஐந்து என்று நின்றது. முப்பதாயிரம் தாள் அடித்து முடிந்திருந்தது. முதலாளி அத்தனையையும் கிழிக்கச் சொல்லிவிட்டு மறுநாளே அவளை மடிப்பு மேசையிலிருந்து எழுப்பி மெஷின் பக்கம் நிறுத்தினார். அவருடைய பழைய பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். பெயர் அப்படி வந்ததுதான்.

அவள் வேலை சொல்வதற்குச் சுலபம். காலையில் மை, நீர், அழுத்தம் எல்லாம் சரியாகி முதல் நல்ல தாள் வந்ததும் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடுவாள். அதற்கு ஓகே தாள் என்று பெயர். அன்று முழுக்க அந்தத் தாள் சொல்வதுதான் சட்டம், மறுபேச்சு கிடையாது. பிறகு மெஷின் ஓட ஓட, ஐம்பதுக்கு ஒரு தாளை உருவி ஓகே தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அதைப்போலவே இருந்தால் ஓடும். மயிரிழை மாறினாலும் கை உயரும், மெஷின் நிற்கும். பதினோரு வருஷத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு தப்புத் தாள் வெளியே போனதில்லை.

அந்தச் சம்பளத்திலும், அம்மா அடுக்குமாடி வீடுகளில் மாடிப்படி கழுவிக் கொண்டுவந்ததிலும் இளையவள் படித்தாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சட்டப் படிப்பு. இடம் கிடைத்த அன்றே அக்கா அவளை வக்கீலம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"வக்கீலம்மா, குழாய்ல தண்ணி வருது, கோர்ட்டு கலைஞ்சதும் கொஞ்சம் புடிச்சு வைங்க."

"ஏன்க்கா, நீதான் புடியேன்."

"நான் படிக்காதவ. எனக்குக் குடம் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னே தெரியாது."

ஆனால் முதல் பருவத்திலேயே ஒப்பந்தச் சட்டம் என்ற தாளில் இளையவள் தோற்றாள். அந்தப் பாடம் எடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரயில். மணி அடித்ததும் கிளம்புவார், அடுத்த மணியில்தான் நிற்பார், நடுவில் எந்த நிலையத்திலும் நிற்க மாட்டார். கரும்பலகையைத் தொடுவதில்லை, குறிப்பு கொடுப்பதில்லை. அத்தனையும் ஆங்கிலம். பன்னிரண்டு வருஷமும் தமிழில் படித்துவிட்டு வந்த இளையவள் ஒரு வாக்கியத்தைப் பிடித்து எழுதி முடிப்பதற்குள் அவர் நாலு வாக்கியம் தாண்டியிருப்பார். அவளுடைய நோட்டு முழுக்கத் தலையில்லாத வாக்கியங்களும் வாலில்லாத வாக்கியங்களும்தான்.

கல்லூரியின் விதி கண்டிப்பானது. தோற்ற தாளுக்கு அடுத்த பருவத்தில் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து, மறுபடி தேர்வெழுத வேண்டும். அதே தாளில் இரண்டாவது முறையும் தோற்றால் அடுத்த வருஷத்துக்குப் போக முடியாது. அந்த வருஷத்தையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். இன்னொரு வருஷம் அம்மாவுக்கு இன்னும் எத்தனை மாடிப்படி என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

படிப்பை முடித்துப் போன சீனியர் ஒருத்தி தன் பேனாவை விற்கப் போவதாகச் சொன்னது அப்போதுதான். சாதாரணப் பேனா இல்லை, குரலைப் பதியும் பேனா. வகுப்பில் அதைக் கொண்டு எழுதினால், எழுதும்போதே பேசுவதையும் உள்ளே பதிந்துகொள்ளும். பிறகு எழுதிய சொல்லின் மேல் அதன் முனையை வைத்தால், அந்தச் சொல்லை எழுதிய நிமிஷத்தில் வாத்தியார் என்ன பேசினாரோ அதை அப்படியே திருப்பிச் சொல்லும். அதற்கென்று அடித்த நோட்டில்தான் எழுத வேண்டும். பாதி தீர்ந்த நோட்டு ஒன்றும் கூடவே வந்தது. அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக் கொடுத்தாள்.

முதல் நாள் மாலை இளையவள் அதை வீட்டில் சோதித்துக் காட்டினாள். நோட்டில் ஒரு சொல்லைத் தொட்டதும் ரயிலின் குரல் அறை முழுக்கக் கேட்டது. சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றாள்.

"என்னம்மா?"

"வாத்தியாரு பேசுறாருல்ல. காலை நீட்டிட்டா கேக்குறது?"

"அவர் இங்க இல்லம்மா, பேனாவுக்குள்ள இருக்காரு."

"எங்க இருந்தா என்னடி, வாத்தியாரு வாத்தியாருதான்."

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள்.

ஆறு வாரத்தில் முதல் பாடம் முடிந்தது. அதோடு மிச்சமிருந்த பாதி நோட்டும் ஓரிரு பக்கம் போகத் தீர்ந்தது. புது நோட்டு உள்ளூர்க் கடைகளில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதத்தில் ரயில் எத்தனை ஊர் தாண்டிவிடும்!

அக்கா அந்த நோட்டை வாங்கி, வழக்கம்போலக் கழுத்துக் கண்ணாடியை அதன் மேல் வைத்துக் குனிந்தாள்.

"இது சாம்பல் கலர் தாள் இல்லடி. வெள்ளைத் தாள்ல பூராவும் புள்ளி அடிச்சிருக்கு."

"அந்தப் புள்ளிதான்க்கா பேனாவுக்கு வழி. முனைக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கேமரா இருக்கு, அது பாத்துக்கிட்டே போகும்."

"புள்ளியா? அது நம்ம சோறாச்சே." இன்னும் குனிந்தாள். "ஆனா ஒண்ணும் நேரா இல்ல. வரிசையில நிக்கச் சொன்னா சின்னப் புள்ளைங்க நிக்கிற மாதிரி ஆளாளுக்குக் கொஞ்சம் தள்ளி நிக்குது. எவனோ மட்டமா அடிச்சிருக்கான்."

"வெளிநாட்டுக் கம்பெனிக்கா அது."

"ஏன், வெளிநாட்டுல மட்டமா அடிக்கக் கூடாதுன்னு சட்டமா வக்கீலம்மா?"

மறு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் அனுமதி கேட்டு, மெஷின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு அச்சகத்தைத் திறந்தாள். இளையவளும் போயிருந்தாள். நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த ஒரு பக்கத்தை அக்கா படம் பிடித்துத் தகடு எடுத்தாள். முதல் முறை கோடுகள் கறுப்பாக விழுந்து புள்ளிகளை மறைத்தன. பேனா திக்கியது. தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புள்ளிக்குக் கறுப்பு, கோட்டுக்கு வெளிர் நீலம் என்று பிரித்து மறுபடி எடுத்தாள். மூன்றாவது முயற்சியில் வந்த தாளில் இளையவள் தன் பெயரை எழுதி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டு எழுதிய இடத்தைத் தொட்டாள். பேனா ஒண்ணு, ரெண்டு, மூணு என்றது.

"பேசிருச்சு!" என்று மெஷின் அண்ணன் கை தட்டினார்.

அக்கா அந்தத் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். "இதான் ஓகே தாள். ஓட்டுங்கண்ணே."

இருநூறு தாள் ஓடியது. ஐம்பதுக்கு ஒன்றை உருவி ஓகே தாளோடு ஒட்டிப் பார்த்தாள். நாலும் அச்சு அசல். ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை. அன்று மாலை தைத்து, ஓரம் வெட்டி, மூன்று நோட்டாக இளையவள் கையில் கொடுத்தபோது அக்காவின் முகம் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. அச்சுத் தொழிலில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒன்றாக இருப்பதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களும் இளையவளுக்கு இலேசாக இருந்தன. வகுப்பில் முன்போலத் திணற வேண்டியதில்லை. ரயில் ஏதாவது முக்கியமாகச் சொல்வது போலத் தோன்றினால் ஒரு சொல்லை எழுதி நட்சத்திரம் போடுவாள். மிச்சத்தைப் பேனா பார்த்துக்கொள்ளும். 'பிழை', நட்சத்திரம். 'வற்புறுத்தல்', நட்சத்திரம். சில பக்கங்களில் சொல்கூட இல்லை, நட்சத்திரம் மட்டும். மிச்ச நேரத்தில் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதைப் படிப்பு விடுமுறையில் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். அது சோம்பல் என்று அவளுக்கு அப்போது படவில்லை. பிடித்து வைத்தாகிவிட்டது, இனி எங்கே ஓடிவிடும் என்ற நிம்மதி.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது உட்கார்ந்தாள். கம்பெனி நோட்டில் இருந்த முதல் பாடம் தொட்ட இடமெல்லாம் பேசியது. இரண்டு நாள் கேட்டாள், தலையாட்டினாள், புரிந்தது போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை அக்கா அடித்த நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் 'பிழை' என்ற சொல்லைத் தொட்டாள். ரயில், கடைசி வகுப்பில் சொன்ன பிரியாவிடையைச் சொன்னார். இருபதாம் பக்கத்தில் அதே உயரத்தில் இருந்த வேறு சொல்லைத் தொட்டாள். அதே பிரியாவிடை. பேனாவைத் தட்டினாள், மின்னூட்டம் ஏற்றினாள். ஐந்தாம் பக்கத்தின் மூலையில் 'அம்மா' என்று எழுதி, வாயாலும் சொல்லிவிட்டு, அறுபதாம் பக்கத்தின் அதே மூலையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றும் எழுதாத அந்த மூலை, அவள் குரலிலேயே அம்மா என்றது.

அக்கா வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்."

"அப்புறம்? அதானே வேணும்."

"ஐயோ, பேனாவுக்கு இது நூறு பக்கம் இல்லக்கா. ஒரே பக்கம். ஒரே பக்கத்துல மூணு மாசமா மேல மேல எழுதியிருக்கேன்னு நெனச்சிருக்கு. எங்க தொட்டாலும் கடைசியா பேசினதுதான் வருது."

அக்கா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுக் கம்பெனி நோட்டை எடுத்தாள். பக்கத்துப் பக்கத்து இரண்டு தாளில் ஒரே இடத்தைக் கண்ணாடி வைத்து மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வேற வேற மாதிரிதான் தள்ளி நிக்குது," என்றாள். குரல் அடங்கியிருந்தது. "மட்டமா அடிக்கல. ஒவ்வொரு தாளும் வேறயா இருக்கணும்னே அடிச்சிருக்கான். எனக்குத் தெரியலடி. ஒரு பக்கத்தத்தான் பாத்தேன். இன்னொண்ணு அதே மாதிரிதான் இருக்கும்னு..."

"ஒன்பதாங் கிளாஸ் படிச்சவ கையில கொடுத்தா வேற எப்படி ஆகும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது இளையவளின் காதில் விழுந்தது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையிலிருந்த சீப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அன்று அக்கா வேலைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் விடுப்பு. குரல்கள் அழியவில்லை, தேதிவாரியாகப் பேனாவுக்குள் இருக்கின்றன, எது எங்கே என்றுதான் தெரியாது என்று தெரிந்ததும், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அச்சகத்தில் மிஞ்சிய வெட்டுத் தாள்களில் நேரம் போட்டு எழுதினாள். பாதி ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. கேட்ட சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினாள். 'மிஸ்டேக்: ஆறாவது நிமிஷம். கன்சிடரேஷன்: பதினாலு. பிள்ளைங்க சிரிக்குது: இருபத்திரெண்டு. ரிமெம்பர் திஸ்னு ரெண்டு தடவ சொல்றாரு: முப்பத்தொண்ணு.' மூன்றாம் நாளிலிருந்து வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் எழுதினாள். ஏழாம் நாள் முப்பத்தெட்டு வகுப்புக்கும் அட்டவணை தயார். பேனா செய்ய வேண்டிய வேலையை அவள் காதால் செய்து முடித்திருந்தாள். நோட்டில் இருந்த சொல்லைப் பட்டியலில் பார்த்து, அந்த நிமிஷத்துக்குப் போனால் ரயில் அங்கே காத்திருந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

இளையவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

தேர்வு அறையில் வினாத்தாளைப் புரட்டியதும் மூச்சு வந்தது. ஐந்து கேள்விகளில் இரண்டு, முதல் பாடத்திலிருந்து. கம்பெனி நோட்டில் இருந்த பாடம், பேனா ஒரு குறையும் இல்லாமல் பேசிய பாடம். மற்ற மூன்றும்கூட அக்காவின் பட்டியலில் இருந்தவைதான். சாதாரணப் பேனா ஒன்றைத் திறந்து தாளில் வைத்தாள்.

ரயில் பேசியது காதில் கேட்டது. எந்த இடத்தில் இருமினார், எந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதுகூட நினைவிருந்தது. ஆனால் அதைத் தன் வாக்கியமாக எழுதப் போனால் முதல் வரிக்குப் பிறகு கை நின்றது. அவர் சொன்னபோது ஆமாம் ஆமாம் என்றிருந்த ஒவ்வொன்றும், அவர் இல்லாதபோது ஏன் என்ற கேள்விக்கு முன்னால் ஊமையாக நின்றது. மூன்று மாதமாக அவள் ஒரு முழு வாக்கியம் எழுதியிருக்கவில்லை. வகுப்பில் பேனா கேட்டுக்கொண்டிருந்தது. விடுமுறையில் அவள் கேட்டாள். எப்போது யோசித்தாள்? முதல் பருவத்துத் தலையில்லாத வாக்கியங்களுக்காவது அவள் போராடியிருந்தாள்.

வெளியே வரும்போதே முடிவு தெரிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அது பலகையில் ஒட்டப்பட்டது. தேற வேண்டியது நாற்பது, அவள் வாங்கியது இருபத்தொன்பது.

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அக்கா மட்டும் கேட்டாள்.

"என் நோட்டாலதானேடி?"

அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். இளையவள் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தச் சும்மாவுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சுமையை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைத்தது. அந்தத் தோளும் தானாகக் குனிந்து கொடுத்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். நாளைக்கும் அப்படியே இருந்தாள். ஊரில் கேட்டவர்களிடம் அம்மாவே, "நோட்டுல ஏதோ கோளாறாம்" என்று சொல்லிப் பழகிவிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். கடைவீதியில் மெஷின் அண்ணன் எதிரே வந்தார். சைக்கிளை நிறுத்தினார்.

"பாப்பா, உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஏன்ண்ணே?"

"உனக்குத் தெரியாதா? அம்பதுக்கு ஒரு தாள் பாத்தவ, பத்துக்கு ஒண்ணு உருவுனா. அப்புறம் அஞ்சுக்கு ஒண்ணு. பாத்த தாளையே மறுபடி பாக்குறா. கைய கையத் தூக்குறா, மெஷின நிறுத்துறேன், போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் வேலைக்கு மூணு நாள் ஆச்சு. என்னம்மான்னா, 'என் கண்ண நம்பாதீங்கண்ணே, பக்கத்துக்குப் பக்கம் இருந்த வித்தியாசமே எனக்குத் தெரியல'ங்குறா." கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "முதலாளியும் எத்தன நாள் பொறுப்பாரு? போன வாரம் மடிப்பு மேசைக்கு மாத்திட்டாரு. நான் கேட்டதுக்கு அவளே, 'அதுதாண்ணே எனக்குச் சரி'ன்னுட்டா. வீட்ல சொல்லலையா?"

சொல்லவில்லை. அக்கா தினமும் அதே நேரத்துக்குப் போய் அதே நேரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் கயிறு இல்லாததை இளையவள் பார்த்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை.

இளையவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அச்சகத்துக்குப் போனாள். நடுப்பகல், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்தது. பின் மூலையில், ஜன்னல் இல்லாத சுவரோரம், பள்ளிக்கூட வயதில் உட்கார்ந்த அதே மேசையில் அக்கா உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள். அக்கா நிமிர்ந்து பார்த்துப் பதறினாள்.

"என்னடி, அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னது? கேக்கல!"

"உன் நோட்டால இல்லக்கா!"

"சத்தமா சொல்லு!"

அந்த நேரம் பார்த்துத் தாள் சிக்கி மெஷின் நின்றது. "நான் தோத்தது உன் நோட்டால இல்ல" என்று இளையவள் கத்தியது அச்சகம் முழுக்கக் கேட்டது. மடிப்புப் பெண்கள் கையை நிறுத்தினார்கள். முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார்.

அக்காவுக்குக் காது சிவந்தது. "வீட்ல பேசிக்கலாம், போடி."

"இல்ல, இங்கதான் சொல்லணும். ரெண்டு கேள்வி முதல் பாடத்துல இருந்து வந்துச்சு. அது கம்பெனி நோட்டுல இருந்த பாடம். நீ அடிச்ச நோட்டு இல்ல."

அக்கா மடித்த தாளைக் கீழே வைத்தாள். "அதுல பேனா சரியா பேசுச்சா?"

"பேசுச்சு."

"மத்த மூணு?"

"உன் லிஸ்டுல இருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டேன்."

"கேட்டியா? அப்ப ஏன் எழுதல?"

"எழுதத் தெரியலக்கா. வகுப்புல நான் ஒண்ணும் கவனிக்கல. பேனா இருக்கேன்னு இருந்துட்டேன். நீ நூறு பக்கத்தையும் வேற வேறயா அடிச்சிருந்தாலும் நான் தோத்துதான் இருப்பேன்."

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"பரீட்சை எழுதும்போதே."

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சொன்னாள்: "ஏழு வாரம்டி."

இளையவள் தலை குனிந்து நின்றாள்.

"ஏழு வாரமா ராப்பகலா எனக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சேன். மருந்துத் தாள்டி இது! எந்தக் குழந்தை வாய்ல எந்த மருந்த ஊத்தப் போறாங்களோன்னு ஒவ்வொரு தாளா உருவுனேன். நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க." அவள் அழவில்லை. குரல் உயரவும் இல்லை. "ஒன்பதாங் கிளாஸ்னு சொன்னியே, அது வலிக்கல. அது உண்மை. இது?"

"மன்னிச்சிரு அக்கா."

"மன்னிச்சு என்ன பண்றது? போ."

இளையவள் போகவில்லை. மெஷின் அண்ணன் சிக்கிய தாளை இழுத்து எறிந்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "லென்ஸு, இதுக்கு ஓகே தாள் போட ஆள் இல்லாம காலையில இருந்து நானே பாத்துக்கிட்டிருக்கேன், எனக்கு வெள்ளெழுத்து" என்று முணுமுணுத்தார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து, "மாசக் கடைசி வரைக்கும் மடிப்புல இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அக்கா அடுத்த தாளை எடுத்து எட்டாக மடித்தாள்.

பக்கத்துப் பெண் ஒருத்தி நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். இளையவள் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தாள். மூன்றாவது மடிப்பே கோணிக்கொண்டு போனது. அக்கா அதைப் பிடுங்கிப் பிரித்து மடித்துப் போட்டாள். மெஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இளையவள் இன்னொரு தாளை எடுத்தாள்.

"அந்தக் குதிரை என்ன ஆச்சு?" என்றாள் அக்கா திடீரென்று.

"எந்தக் குதிரை?"

"ஒரு ஆளு இன்னொருத்தனுக்குக் குதிரைய வித்தான்ல. காச வாங்கிட்டான். ஆனா விக்கும்போதே குதிரை லாயத்துல செத்துக் கெடந்துச்சு. ரெண்டு பேருக்கும் தெரியாது. அந்த வாத்தியாரு அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. மறுநாள் வேற என்னமோ ஆரம்பிச்சிட்டாரு. முன்னாடி பின்னாடி போய்த் தேடிட்டேன், கிடைக்கல."

"அது செல்லாத ஒப்பந்தம்க்கா."

"செல்லாதுன்னா? வாங்கினவனுக்குக் காசு திரும்பி வருமா வராதா?"

"வரும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?" அக்கா முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "வித்தவன் மேல தப்பே இல்லையே. அவன் எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்?"

இளையவள் வாயைத் திறந்தாள். ரயிலின் குரல் வந்தது, அவர் சொன்ன ஆங்கில வாக்கியம் ஒன்றும் வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினாள். கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு யோசித்தாள். லாயத்தில் கிடக்கும் குதிரை, கையில் காசோடு நிற்கும் ஒருவன், வெறுங்கையோடு நிற்கும் இன்னொருவன்.

"ரெண்டு பேரும் பேசுனது உயிரோட இருக்குற குதிரையப் பத்தி," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "அப்படி ஒரு குதிரையே இல்ல. அப்போ..."

"அப்போ?"

"இரு அக்கா, யோசிக்கிறேன்."

"யோசி," என்று அக்கா அடுத்த தாளை எடுத்தாள்.